மீன்பாடும் டீசல் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கே: அதிகபட்ச நிலைத்த விளைச்சல், அதிகபட்சப் பொருளாதார விளைச்சல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவதில், மீன்வளம் குறையாமல் வருடா வருடம் பிடிக்கக்கூடிய எடை அதிகம். இரண்டாவதில் லாபம் அதிகம். லாபம் உச்சத்தில் இருக்கும்போது படகுகள் குறைவாகவும் கடலில் விட்டுவைத்த மீன் கூடுதலாகவும் இருக்கும்.

கே: இருபது வருடமாக மீன்பாடு குறையவில்லை. பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

மீன்பாட்டை மட்டும் பார்க்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? ஒரு டன்னுக்கு எத்தனை நாள், எத்தனை லிட்டர் டீசல் என்று பாருங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் மிச்சமிருந்த காட் மீன்கள் கூட்டமாக ஒதுங்கின. சோனார் (ஒலியலையால் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி) வைத்த இழுவைக் கப்பல்கள் அந்தக் கூட்டத்தையே தேடிப்போய் வலை போட்டன. வலையும் நிறைந்துகொண்டுதான் இருந்தது. 1992 ஜூலையில் கனடா காட் பிடிக்கத் தடை போட்டபோது படகிலும் ஆலையிலுமாக சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

கே: டீசல் மானியத்தை நிறுத்தச் சொல்வது ஏழை மீனவர் வயிற்றில் அடிப்பது ஆகாதா?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஆனால் கோபம் வருகிறது. லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதிகம் எரிப்பவருக்கே அதிகம் போகும். துடுப்புப் படகுக்காரருக்கு என்ன கிடைக்கும்? உலகம் முழுவதும் மீன்பிடி மானியம் ஆண்டுக்கு சுமார் 3,500 கோடி டாலர். அதில் ஐந்தில் நான்கு பங்கு பெரிய கப்பல்களுக்குப் போகிறது.

ஒரு நடைக்கு 100 ரூபாய் மீன், 120 ரூபாய் செலவு என்று வையுங்கள். படகு கரையில்தான் நிற்கும், அதற்குள் மீன் கொஞ்சம் பெருகும். 40 ரூபாய் மானியம் கொடுத்தால் அதே படகு கிளம்பிவிடும். லாபத்தைப் பார்த்து அடுத்தவரும் படகு வாங்குவார். மீன் குறையும், நடை நீளும், லாபம் மறுபடி பூஜ்யம். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற கடலில் லாபம் இப்படித்தான் கரையும் என்று பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-லேயே விளக்கிவிட்டார். அதே பணத்தை ஐஸுக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் தடைக்கால நிவாரணத்துக்கும் கொடுங்கள், மீனவர் கையில் நிற்கும். உலக வர்த்தக அமைப்பின் 2022 ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. திருட்டு மீன்பிடிப்புக்கும் நலிந்த மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் போகும் மானியத்தை அது தடுக்கிறது. படகுகளைப் பெருக்கும் மானியம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

கே: தனிநபர் ஒதுக்கீடு கொடுத்தால் என்ன மாறும்?

மொத்தம் பிடிக்கலாம் என்ற அளவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுப்பதுதான் தனிநபர் ஒதுக்கீடு. அதனால் அவசரம் போகும். அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிக்க ஒரு காலத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் அனுமதி. புயலடித்தாலும் கிளம்பியாக வேண்டும். அத்தனை மீனும் ஒரே நாளில் வந்து இறங்கும், பெரும்பகுதி உறைய வைக்கத்தான் போகும். 1995-இல் ஒதுக்கீடு வந்தபின் பருவம் எட்டு மாதமானது, மீனைப் புதிதாகவே நல்ல விலைக்கு விற்றார்கள். ஆனால் ஒதுக்கீட்டை விற்கலாம் என்றால் சில கைகளில் குவியும், ஐஸ்லாந்தில் அப்படித்தான் குவிந்தது. ஒருவர் வைத்திருக்கும் ஒதுக்கீட்டுக்கு உச்சவரம்பு வையுங்கள்.

கே: எவ்வளவு பிடித்தால் பாதுகாப்பு?

எந்த மீன், எந்த வலை, கண்ணி அளவு என்ன? மூன்றையும் எழுதாமல் கேட்டால் பதில் கிடையாது.

கே: மீன் வளர்ப்பு வந்தால் கடலுக்கு ஓய்வு கிடைக்குமா?

சிப்பி வளர்த்தால் தீவனமே தேவையில்லை. சால்மன் வளர்த்தால் தீவனத்தில் பெருவின் நெத்திலியையும் அரைத்துச் சேர்க்கிறார்கள். இங்கேயும் அதேதான்: விளைச்சலை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே போவதையும் பாருங்கள்.