33,550,336 ஏன் நிறைவெண் எனப்படுகிறது?

ஓர் எண்ணைவிடச் சிறிய அதன் காரணிகள் அனைத்தையும் கூட்டும்போது அதே எண் கிடைக்குமானால், அது நிறைவெண் எனப்படும். திருகோணமலையில் கரைவலை இழுத்த ஐவர் 28 மீன்களை 14, 7, 4, 2, 1 எனப் பங்கிட்டால் ஒரு மீனும் மிஞ்சாது, ஒருவருக்கும் குறையாது. இந்த ஐந்தும் 28இன் காரணிகளே.

33,550,336 இவ்வகையில் ஐந்தாவது எண். 4096 × 8191 என்பதே அதன் அமைப்பு. 4096 பன்னிரண்டு 2களின் பெருக்கம். 8191 முதன்மை எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. ஆகவே காரணிகள் இரண்டு கூட்டங்களாகவே அமையும்: 1, 2, 4 என இரட்டித்து 4096 வரை செல்பவற்றின் கூட்டுத்தொகை மிகச் சரியாக 8191, அந்த 8191ஐ 1 முதல் 2048 வரையான அதே இரட்டிப்பு எண்களால் பெருக்கி வருபவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × 4096, அதாவது தொடங்கிய எண்ணே. முதற்கூட்டம் 8191இலேயே வந்து முடிவதுதான் இதன் பேரழகு என்பேன். இவ்வாறு நிறைவெண் அமையும் விதியைக் கி.மு. 300 அளவிலேயே கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நிறுவிவிட்டார்.

6, 28, 496, 8128 என முதல் நான்கும் இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடிவருவதால் ஐந்தாவதற்கு ஐந்து இலக்கங்கள் இருக்குமெனப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் 5, 6, 7 இலக்கங்களில் நிறைவெண் ஒன்றுகூட இல்லை.