போர் விமானி ஒருவர் விமானப்படைத் தளபதியாவது எவ்வாறு?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவரின் இக்கேள்விக்கு, இந்திய விமானப்படையின் அர்ஜன் சிங்கின் வாழ்வையே விடையாகக் காட்டுவேன். 1919 இல் பிறந்த அவர், 1944 இல், இரண்டாம் உலகப் போரின்போது, வடகிழக்கு இந்தியாவின் இம்பால் போர்முனையில் முதலாவது படையணிக்குத் தலைமை தாங்கிப் பறந்து, வீரப் பறப்புக்கான பிரித்தானியப் பதக்கத்தைப் பெற்றார். 1964 இல் தளபதியாகி, மறு ஆண்டு பாகிஸ்தானுடன் மூண்ட போரில் முழுப் படையையும் வழிநடத்தியபோது, தம் உயிரைப் பணயம் வைத்த துணிவோடு, பிறரைப் போருக்கு அனுப்பும் பொறுப்பும் அவர்மீது ஏறியது. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய வன்னி மக்களாகிய நாம், எந்தத் தளபதியையும் முதலில் இப்பொறுப்பைக் கொண்டே அளக்கிறோம். 60க்கும் மேற்பட்ட வகை விமானங்களை ஓட்டிய அவர், 1969 இல் ஓய்வுபெற்றபின் சுவிற்சர்லாந்தில் தூதுவராகவும் பணியாற்றினார். 2002 இல் அவருக்கு வழங்கப்பட்ட மிக உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திர மார்ஷல் தரத்தை, அப்படையில் வேறெவரும் இதுவரை பெற்றதில்லை.