வாசகர் கேள்விகள்: திறந்த வெளிக்கான இசை

சென்ற இதழில் தவில் பற்றிய ஒரு பதிலினூடே, அமெரிக்காவின் டிரம் கோர் குழுக்களுடைய ஒலிப்பதிவுகளை விரும்பிக் கேட்பவன் நான் என்று எழுதியிருந்தேன். அதையொட்டி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

டிரம் கோர் என்பது நம் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவில் வாசிக்கும் பேண்டு வாத்தியம் போன்றதுதானா?
ஓர் ஆசிரியை, மன்னார்குடி

உறவு உண்டு, ஆனால் அது வெகுதூரம் வளர்ந்துவிட்ட கிளை. டிரம்பெட், மெல்லோஃபோன், டியூபா முதலிய பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடிகளைச் சுழற்றி ஆடும் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு குழு. கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் அங்கே இடமில்லை. பங்கேற்பவர்கள் இளைஞர்கள், 21 வயதோடு அவர்களுடைய காலம் முடிந்துவிடும். கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுத்துறங்கி, பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை பார்த்து, ஏறத்தாழ 12 நிமிடம் நீளும் ஒரே ஒரு நிகழ்ச்சியை ஆகஸ்ட் மாதத்து இறுதிப் போட்டி வரையில் மெருகேற்றிக்கொண்டே இருப்பார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1971-இல் தோன்றியது. அதன் முதல் இறுதிப் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வொயிட்வாட்டரில் நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் குழு அதில் வென்றது.

நான் தவில் பயிலும் மாணவன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சில காணொளிகளைப் பார்த்தேன், ஐயா. ஓட்டமும் கொடியும் கண்ணில் நிற்கின்றன; தாளம் பிடிபடவில்லை. எதைக் கேட்க வேண்டும்?
ஒரு மாணவர், வலங்கைமான்

காணொளியை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள், தம்பி. கண் திறந்திருக்கும் வரையில் மைதானத்தில் விரியும் கோலங்கள் காதுக்கு இடம் கொடுக்க மாட்டா.

பேஸ் முரசுகளிலிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலும் ஐந்து பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரே ஒரு முரசு, ஒவ்வொன்றும் அடுத்ததைவிடப் பெரியது, சுருதியில் தாழ்ந்தது. விரைந்து ஓடும் ஒரு சொற்கட்டை இந்த ஐவரும் எழுத்தெழுத்தாகப் பங்கிட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். ‘தகதிமி’ என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்வதை நான்கு பேர் ஆளுக்கோர் எழுத்தாகச் சொல்ல, அது ஒரே வாயிலிருந்து வந்ததாகக் கேட்பவர் நம்ப வேண்டும். அதை நடந்துகொண்டே, நெஞ்சில் முரசைச் சுமந்துகொண்டே செய்ய வேண்டும். தவிலின் இரு முகங்களான வலந்தலையும் தொப்பியும் ஒருவருடைய உடம்பிலேயே பேசிக்கொள்கின்றன. அங்கே அந்த உரையாடல் ஐந்து உடம்புகளுக்கிடையே நடக்கிறது. அடித்தோலில் கம்பிகள் கட்டிச் சடசடவென ஒலிக்கும் ஸ்னேர் முரசு வரிசையின் அடிப்படைப் பாடங்கள் 40 என்று வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றான பாரடிடிலை வலது, இடது, வலது, வலது; இடது, வலது, இடது, இடது என்று தொடையில் தட்டிப் பழகிவிட்டுக் கேட்டால், நேற்று வரை இரைச்சலாகப்பட்ட இடங்கள் பிரிந்து பிரிந்து கேட்கும்.

அடுத்துக் கேட்க வேண்டியது தூரத்தை. அவர்கள் வாசிக்கும் மைதானத்தின் முன்கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடையே 49 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், அந்த இடைவெளியைக் கடக்க அதற்கு ஒரு வினாடியின் ஏழில் ஒரு பங்கு வேண்டும். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டை நான்காகப் பிரித்த ஓர் எழுத்தின் அளவு வினாடியின் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பின்கோட்டில் நிற்பவர் முன்கோட்டின் ஒலியைக் காதால் கேட்டு அதனோடு சேர முயன்றால், ஒலி அவரிடம் போகும் நேரமும் அவருடைய ஒலி திரும்பி வரும் நேரமும் சேர்ந்து, அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அவர் மூன்று எழுத்துக்கு மேல் பிந்தி ஒலிப்பார். ஆகையால் பின்னால் இருப்பவர் முன்னால் கேட்பதை ஒதுக்கிவிட்டு, இசையை நடத்துபவரின் கையையும் தம் காலடியையும் நம்பி வாசிக்கிறார்; முன்னால் இருப்பவர் பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதன்மேல் தம் ஒலியை வைக்கிறார். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே கணத்தில் வந்து விழும் இடங்கள் எனக்கு இன்றும் மெய்சிலிர்ப்பைத் தருகின்றன.

உங்களுக்கு இது புதிய அனுபவமாக இராது. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலிப்பதை நான்கு வீதிகளில் வெவ்வேறு இடங்களில் நின்று கேட்டவர் நீங்கள். அதில் சாகித்தியம் இல்லை, கூரை இல்லை. நடப்பதற்கும் தூரத்துக்கும் என்றே அமைந்த இசை அது. டிரம் கோர் இசையை நான் நெருங்கியதும் அந்த வழியில்தான். கச்சேரி மண்டபத்தின் காதோடு கேட்பவர்கள் அதை வெறும் உரப்பு என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோயில் வீதியின் காதோடு கேட்பவர்கள் அப்படித் தள்ளுவதில்லை.

உங்களுக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சிகள் எவை? ஏன்?
ஒரு வாசகர், கும்பகோணம்

ஒன்றை மட்டும் சொல் என்றால் 1993-ஆம் ஆண்டு ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு வாசித்ததைச் சொல்வேன். இந்தக் குழு 1985-இல்தான் களத்துக்கு வந்தது. 1991-இல் முதலிடம் பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து, ரசிகர்கள் எளிதில் கைதட்டக்கூடிய பாட்டுகளை விட்டுவிட்டு, சாமுவேல் பார்பரின் ‘மெடியா’ இசையையும் பேலா பார்ட்டோக் தந்திக் கருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்கும் செலஸ்டா என்ற மணியொலி விசைக்கருவிக்கும் எழுதிய இசையையும் எடுத்துக்கொண்டது. முரண் சுரங்கள், திடீர் மௌனங்கள், அடங்கியே நகரும் நீண்ட பகுதிகள். அந்தக் கோடையில் பல ரசிகர்கள் இதை ஏற்கவில்லை. இறுதிப் போட்டியில் கேடட்ஸ் குழு நூற்றுக்கு 97.4 பெற, ஸ்டார் 97.3 பெற்று இரண்டாவதாக வந்தது. அதன்பின் போட்டிக் களத்தை விட்டே அது விலகியது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக ‘பிளாஸ்ட்’ என்ற மேடை நிகழ்ச்சி 1999-இல் லண்டனில் அரங்கேறி, நியூயார்க்கின் பிராட்வேக்குச் சென்று, 2001-இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதையும் பெற்றது. பத்தில் ஒரு பங்குப் புள்ளி யாருடைய பக்கம் விழுந்தது என்பது இப்போது அந்த ஒலிப்பதிவைக் கேட்கிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெருங்குழு ஒன்று முழு மூச்சோடு ஊதக்கூடிய வலிமையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் செலவழிக்காமல் காத்திருக்கும் துணிவு அதில் உண்டு. நல்ல நாகஸ்வர வித்துவான் ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் நம்மைக் காக்கவைக்கும் துணிவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. முதல் முறை கேட்கும்போது மௌனங்கள் குறைகளாகத் தோன்றலாம்; பழகப் பழக, அவற்றுக்காகவே கேட்கத் தோன்றும்.

சான்டா கிளாரா வான்கார்டின் 1989 நிகழ்ச்சி இதற்கு நேர் எதிரான இன்பம். ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்ரா’ இசைநாடகத்தை 1988-இல் எடுத்துக்கொண்டு இரண்டாம் இடம் பெற்ற இந்தக் குழு, மறு ஆண்டும் அதே இசையைக் கைவிடாமல் எடுத்து 98.8 புள்ளிகளுடன் வென்றது. அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி வரும் அந்தப் புகழ்பெற்ற முகப்பை, மூலத்தில் ஆர்கன் செய்வதை, பித்தளைக் கருவிகள் செய்யும்போது அடிவயிறு அதிர்கிறது. எடுத்த உருப்படியை மறு ஆண்டும் விடாமல் சாதகம் செய்த அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃபேன்டம் ரெஜிமென்ட் குழுவின் 2008 ‘ஸ்பார்டகஸ்’ பற்றி எல்லோரும் சொல்வது புள்ளிக் கணக்கைத்தான்: 98.125-க்கு 98.100 என்று, புளூ டெவில்ஸ் குழுவை மயிரிழையில் வென்றது. ஒலிப்பதிவில் என்னை நிறுத்துவது வேறு. ‘நானே ஸ்பார்டகஸ்’ என்று மைதானத்தின் பல மூலைகளிலிருந்து தனித்தனிக் குரல்கள் எழுகின்றன. கருவிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள் என்பது அப்போது காதுக்குத் தெரிகிறது. அவர்களில் சிலருக்கு அது கடைசி இரவு.

2014-இல் புளூகோட்ஸ் வாசித்த ‘டில்ட்’ நிகழ்ச்சியையும் விட மனமில்லை. அந்த ஆண்டு புளூ டெவில்ஸ் 99.650 என்ற, அதுவரை எவரும் எட்டாத புள்ளியைப் பெற்று வென்றது, புளூகோட்ஸ் இரண்டாமிடம். ஆனால் அதில் ஒரு பெரும் ஒலித்திரளை அப்படியே சுருதியோடு வளைத்து இழுக்கும் இடம் ஒன்று உண்டு. படிப்படியாக ஏறி இறங்கும் சுரங்களுக்கே பழகிய மேனாட்டுக் காதுகள் அதைக் கேட்டு வியந்தன. தோடி ராகத்தின் அசைந்து வளையும் காந்தாரத்தில் வளர்ந்த நம் காது அதை உடனே அடையாளம் கண்டு உறவு கொண்டாடுகிறது.

ஒலிவாங்கியும் மின்கருவிகளும் வந்த பிறகு இந்தக் கலை கெட்டுவிட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உங்கள் கருத்து?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். 2004-இல் ஒலிபெருக்கத்தையும் 2009-இல் மின்னணுக் கருவிகளையும் விதிகள் அனுமதித்தன. முன்வரிசையில் தரையில் நிறுத்தப்படும் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவுக்கும் உலோகத் தகடுகள் கொண்ட வைப்ரஃபோனுக்கும் ஒலிவாங்கி கிடைத்தது நன்மையே. அதற்கு முன் எட்டவேண்டுமே என்று அவற்றை ஓங்கி அடித்தார்கள், மரத்தின் இனிமை போயிற்று. எனக்கு உறுத்துவது, சின்தசைசரிலிருந்து வரும் அடிநாதம் டியூபாக்களின் மேல் போர்வையாக விழுவது. முப்பது வாய்களின் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்று கேட்பது எனக்கு இசையின் பெரும்பங்கு. அந்தப் போர்வைக்குக் கீழே அது கேட்பதில்லை. நம் தவிலுக்கு முன்னால் ஒலிவாங்கியை ஒட்டி வைத்து, தொப்பியின் அடியைப் பூதாகரமாக்கிவிடும் விழா மேடைகளிலும் இதே வருத்தம் எனக்கு உண்டு.

காவிரிக் கரையில் பிறந்தவருக்கு இந்த அந்நியப் பேண்டு இசை எதற்கு?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர்

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேனாட்டு வாத்தியங்கள் கொண்ட பேண்டு இருந்தது. உங்கள் ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவை. அந்த மரபில் கேட்கிறேன்.

என்னிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. அதில் கேட்டால் போதுமா? எந்த வரிசையில் கேட்பது?
ஒரு கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பெரிய பேஸ் முரசுகளும் டியூபாக்களும் ஏறக்குறைய மறைந்துவிடும். எஞ்சுவது டிரம்பெட்டின் மேல்முனையும் ஸ்னேரின் சடசடப்பும்தான். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று கிடைத்தால் போதும், விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. முதல் முறை இடையில் நிறுத்தாமல் முழுதும் கேளுங்கள். இரண்டாம் முறை பேஸ் முரசை மட்டும் பின்தொடருங்கள், மூன்றாம் முறை தாழ்சுருதிப் பித்தளைக் கருவிகளை; அதற்குப் பிறகு காணொளியைப் பாருங்கள். வரிசை என்று கேட்டால், வான்கார்டின் 1989-இல் தொடங்கி, 2008-க்கும் 2014-க்கும் போய்விட்டு, 1993-ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பேருந்துப் பயணத்தில் கேட்க வேண்டாம். பேருந்தின் இரைச்சலில் அதன் மௌனங்கள் கேட்காது.