கேரட் கால் கால் ஆகப் பிரிகிறதா?
களிமண்ணும் கல்லும் கலந்த பாத்தியில் கேரட் எல்லாம் இரண்டு கால், மூன்று கால் விட்டு வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இளம் ஆணிவேரின் நுனி கல்லில் முட்டினாலோ கெட்டி மண்ணில் நசுங்கினாலோ பக்கவேர்கள் தடிக்க ஆரம்பித்துவிடும், அதுதான் காரணம்.

பாத்தி முழுவதையும் மாற்ற வேண்டாம். மண் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது கடப்பாரையை 30 செ.மீ. ஆழம் இறக்கி, வட்டமாக ஆட்டி, கூம்பு மாதிரி குழி எடுங்கள். சலித்த மணலும் நன்றாக மக்கிய கம்போஸ்டும் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு, அது அடங்கியதும் இரண்டு மூன்று விதை போட்டு, முளைத்தபின் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள். நாற்று பிடுங்கி நடுவது கேரட்டுக்கு ஆகவே ஆகாது.

அப்புறம், பச்சைச் சாணம் போட்டதாகச் சொன்னீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். ரகமும் சாண்டனே மாதிரி குட்டையானதாக எடுத்தால் இன்னும் நல்லது.