அரச வாரிசு என்கிறார்களே, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் இறந்த சிறுவன் பதினேழாம் லூயி நான்தான் என்று பலர் கிளம்பினார்களாமே? அவர்களில் நவுண்டார்ஃப் என்பவர் சொன்னதை வம்சாவளியை வைத்தே மறுத்திருக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். அரசரிடமிருந்து இறங்கி வந்தால் எந்தக் கொடிவழியும் பொருத்தமாகத்தான் தெரியும். அரசர் பதினாறாம் லூயி, அரசி மேரி அன்டோனெட், 1785 மார்ச் 27இல் பிறந்த மகன் லூயி சார்ல் (பதினேழாம் லூயி எனப்பட்ட சிறுவன் இவன்தான்) என எல்லாமே பதிவில் உள்ளவை. சந்தேகம் அவர்கள்மேல் இல்லை. உரிமை கோருகிறவர் அந்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான். ஆகவே அவருடைய இறப்புப் பதிவில் தொடங்குங்கள். பிறகு திருமணம், பிறகு பிறப்பு. ஒவ்வொரு படியிலும் பெற்றோர் பெயர் சொல்லும் ஆவணம் கிடைத்த பிறகே அடுத்த படி.

நவுண்டார்ஃப் 1845இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இறந்தார். 1818இல் திருமணம். 1810இல் பெர்லினில் கடிகாரம் செய்பவர். அதற்கு மேலே ஏறினால் ஞானஸ்நானப் பதிவு இல்லை, பெற்றோர் யாரென்றும் தெரியவில்லை. சிறுவன் பாரிஸின் தாம்ப்ள் சிறையில் இறந்ததாகப் பதிவானது 1795 ஜூன் 8இல். இடைப்பட்ட 15 ஆண்டுக்கும் அவர் வாய்ச்சொல்லே சாட்சி. இளவரசனைச் சிறு வயதில் கவனித்துக்கொண்ட ராம்போ அம்மையார் ‘இவர்தான்’ என்று அடையாளம் காட்டியதைத்தான் ஆதரவாளர்கள் பெரிதாகப் பேசினார்கள். ஏழு வயதில் பார்த்த பிள்ளையை ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து முகம் பார்த்துச் சொல்வதை எந்த வம்சாவளி ஆய்வாளரும் ஆதாரமாக ஏற்கக் கூடாது.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை வந்த பிறகு இந்த ஆவணத் தேடலுக்கு என்ன வேலை?

பதில்: யாருடைய டி.என்.ஏ.வோடு ஒப்பிடுவது என்பதைச் சொல்ல வேண்டியதே வம்சாவளிதான்! மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருவது. எனவே லூயி சார்லுக்கு ஒப்பீடாக அப்பா வழியில் வந்த போர்பன் அரச வம்சத்து உறவினர்கள் உதவ மாட்டார்கள். அம்மா, அம்மாவின் அம்மா மரியா தெரேசா, அவருடைய மற்ற மகள்கள், அந்த மகள்களின் மகள்கள் என்று பெண்கள் வழியாகவே இறங்க வேண்டும். இடையில் ஓர் ஆண் வந்தால் அந்தக் கிளை அங்கேயே அறுந்துவிடும். கடைசியில் நிற்பவர் மட்டும் ஆணாக இருக்கலாம். 1998இல் வெளியான ஆய்வில் இளவரசனின் பெரியம்மாக்கள் இருவரின் முடியையும், ருமேனியாவின் அன்னா அரசியார், அவர் சகோதரர் ஆகிய அப்போது உயிரோடு இருந்த தாய்வழி உறவினர்களின் மாதிரியையும் எடுத்தார்கள். நவுண்டார்ஃபின் கல்லறையிலிருந்து 1950இல் எடுத்த மேல்கை எலும்பு அவர்களோடு பொருந்தவில்லை.

ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமுக்கு நேர்மாறான வழி: தந்தை, மகன், பேரன். அங்கே ஒருவரை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது, ஏதோ ஒரு தலைமுறையில் உண்மையான தந்தை வேறொருவராக இருந்திருக்கலாம். பதின்மூன்றாம் லூயியின் வெவ்வேறு கிளைகளில் வந்த போர்பன் ஆண்கள் மூவரைச் சோதித்து, மூவரும் ஒத்துப்போன பிறகே 2013இல் அந்த வம்சத்தின் ஒய் அடையாளம் இன்னது என்றார்கள். பதினாறாம் லூயியின் ரத்தம் தோய்ந்த கைக்குட்டை இருந்ததாகச் சொல்லப்பட்ட சுரைக்குடுவையின் கதை அதோடு அடிபட்டுப்போனது, குடுவையிலிருந்த ரத்தம் அந்த அடையாளத்தோடு பொருந்தவில்லை.

கேள்வி: பாதுகாத்து வைத்த இதயம் லூயி சார்லுடையதுதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: சிறுவனின் பிரேதப் பரிசோதனையின்போது பெல்லத்தான் என்ற மருத்துவர் எடுத்து வைத்த இதயம் மேரி அன்டோனெட்டின் தாய்வழியைச் சேர்ந்தது என்று 2000இல் தெரிந்தது. ஆனால் கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் இதே மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.தான். 1789இல் இறந்த அண்ணனின் இதயமாகவும் இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சோதனைக்கூடத்தில் இல்லை. அண்ணனுடையது அரச வழக்கப்படி தைலமிட்டுப் பதப்படுத்தப்பட்டது. இது அப்படிப் பதப்படுத்தப்படாமல் மதுசாரத்தில் கிடந்து உலர்ந்தது. 2004 ஜூன் 8இல் செயின்ட் டெனிஸ் தேவாலயத்தில் அதை வைத்தார்கள்.

கேள்வி: 1918இல் குடும்பத்தோடு கொல்லப்பட்ட ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் மகள் அனஸ்தாசியா நான்தான் என்று சொன்ன அன்னா ஆண்டர்சன், உண்மையிலேயே அவராக இருந்திருந்தால் ரஷ்ய அரியணை அவருக்குத்தானா?

பதில்: இல்லை. 1797இல் முதலாம் பவுல் வகுத்த சட்டப்படி, அரச குடும்பத்தில் தகுதியுள்ள ஆண் வாரிசுகள் அற்றுப்போனால்தான் பெண்களுக்கு முறை வரும். அப்போது ஆண்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். ரத்த உறவு வேறு, பட்டத்து உரிமை வேறு. இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.