வாசகர் கேள்வி – பதில்: சுண்ணாம்புச் சுவரில் வால்பேப்பர்

கேள்வி: ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டின் சுண்ணாம்பு அடித்த சுவரில், பசையோடு வரும் வால்பேப்பரை நாங்களே ஒட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: ஒட்டலாம், ஆனால் மழையும் மூடுபனியும் படும் வெளிச்சுவரில் ஈரம் கசிந்தால், அதைச் சரிசெய்யும் வரை தொடவே வேண்டாம். சுண்ணாம்பைத் தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதல்லவா, பசையும் அந்தத் தூளைத்தான் பிடிக்குமே தவிர, சுவரைப் பிடிக்காது; ஆகவே சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, பிரைமர் எனும் அடிப்பூச்சு அடித்து நன்கு உலரவிடுங்கள். வெட்டிய தாளைப் பசைப்பக்கம் வெளியே தெரியத் தளர்வாகச் சுருட்டி, உறையில் குறித்துள்ள நேரம் மட்டும் வெதுவெதுப்பான நீரில் முக்கியெடுத்து, பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்துச் சில நிமிடங்கள் வைத்தால், தாள் ஊறி விரிந்துகொள்ளும். இதில் அவசரப்பட்டால் சுவரில் குமிழிகள் எழும். முதல் தாளுக்குத் தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடை) பிடித்துச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். பழைய வீட்டு மூலைகள் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, வழிந்த பசையை ஈரப் பஞ்சால் உடனே துடைத்துவிடுங்கள்.