கேளுங்கள், சொல்கிறேன்

கே: போர்முனைச் செய்தியாளர்கள் ‘பிரஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட குண்டு துளைக்காத உடுப்பை அணிகிறார்களே, அது காப்பாற்றாதா? (வாசகர், தென்காசி)

ப: நெஞ்சையும் முதுகையும் ஓரளவு காக்கும். கழுத்து, முகம், தொடை எல்லாம் வெளியேதான். 2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில் அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே அந்த நீல உடுப்பும் தலைக்கவசமும் அணிந்துதான் நின்றார். கவசத்துக்குக் கீழே தலையில் குண்டு பாய்ந்தது. பாலஸ்தீன ஆயுததாரிகள் சுட்டிருக்கலாம் என்று முதலில் சொன்ன இஸ்ரேல் இராணுவம், செப்டம்பரில் ‘எங்கள் வீரரின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு’ என்றது. யார் மீதும் வழக்கில்லை. செய்தியாளரைப் பொதுமக்களாகவே நடத்த வேண்டும் என்று 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த நெறிமுறையின் 79-ஆம் பிரிவு சொல்கிறது. அழகான பிரிவு!

கே: ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருப்பாரே போர்முனைச் செய்தியாளர் மேரி கால்வின், அவர் கண்ணை இழந்தது இலங்கையிலா? (வாசகி, காரைக்குடி)

ப: ஆம், 2001 ஏப்ரலில். அப்போது வன்னிக்குள் செய்தியாளர்கள் போக அரசு விடவில்லை. அவர் களவாகப் போய் மக்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, இரவில் இராணுவப் பகுதிக்குத் திரும்பும்போது சூடு விழுந்தது. ‘செய்தியாளர்’ என்று கத்திய பிறகும் குண்டு வந்து வெடித்தது, இடக்கண் போயிற்று. வேறொருவராக இருந்தால் அலுவலக நாற்காலியைத் தேடியிருப்பார். இவர் 2012 பிப்ரவரியில், முற்றுகையில் இருந்த சிரியாவின் ஹோம்ஸ் நகருக்குள் நிலத்தடிக் குழாய் வழியே புகுந்தார். 21-ஆம் தேதி பிபிசியிலும் சிஎன்என்னிலும் நேரலையில் பேசி, கண்ணெதிரே ஒரு குழந்தை இறந்ததைச் சொன்னார். மறுநாள் காலை அவர் இருந்த வீட்டின் மீது குண்டுமழை. அவரும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் இறந்தார்கள். ஒட்டுக்கேட்ட சமிக்ஞைகளையும் உளவாளி ஒருவர் சொன்னதையும் வைத்துச் சிரிய அரசுப் படையினர் இடத்தைக் குறித்திருந்தார்கள். செய்தி அனுப்பும் கருவியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அனுப்பாவிட்டால் போனதில் பயனில்லை. 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சிரிய அரசைப் பொறுப்பாக்கி 30 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

கே: உள்ளூர்க்காரர்கள் கையில் செல்போன் இருக்கிறதே, வெளியூர் நிருபர் எதற்கு? (வாசகர், ஓசூர்)

ப: காசாவில் அதுதான் நடந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தனியாகப் போக இஸ்ரேல் விடாததால் சுமை முழுவதும் உள்ளூர்க்காரர்கள் தலையில் விழுந்தது. அல் ஜசீராவின் வாயெல் தஹ்தூஹ் 2023 அக்டோபரில் மனைவி, மகன், மகள், பேரன் ஆகியோரை ஒரே தாக்குதலில் இழந்தார். மறுநாளே கேமரா முன் நின்றார். செய்தியாளராக இருந்த மூத்த மகன் ஹம்ஸாவும் 2024 ஜனவரியில் கொல்லப்பட்டார். வெளியூர் நிருபருக்கு ஊர் திரும்ப விமானம் உண்டு. நம் பத்திரிகைகளோ இவர்கள் எடுத்த படத்துக்கு அடியில் செய்தி நிறுவனத்தின் பெயரைப் போட்டு, எடுத்தவர் பெயரை இடமில்லை என்று வெட்டிவிடுகின்றன. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

கே: போர்முனைக்குப் போக ஆசைப்படும் இளைஞர் முதலில் எதைக் கற்க வேண்டும்? (வாசகர், சிதம்பரம்)

ப: ரத்தத்தை நிறுத்த. 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராத்தாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் தொடைக் காயத்திலிருந்து ரத்தம் வடிந்தே இறந்தார். உடன் இருந்தவர்களுக்கு அதை நிறுத்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அறிந்த அவர் நண்பர் செபாஸ்டியன் யுங்கர், நிறுவனத்தின் துணையில்லாத நிருபர்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஓர் அமைப்பைத் தொடங்கினார். கேமரா வாங்கும் முன் அப்படி ஒரு வகுப்பில் சேரட்டும்.